சாயக் கழிவுநீருக்குக் கரியா, கைட்டோசான் மணியா?

திருப்பூர்ப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

விலை: கொட்டாங்குச்சியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் உண்டாக்கிய கரி, மலிவு. கைட்டோசான் என்பது இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்; அதை மணலில் உள்ள சிலிக்காவோடு சேர்த்து உருட்டிய கலப்பு மணிக்குச் செலவு கூடும்.

சாயம்: ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு. ஆனால் துளைகள் மிக நுண்ணியவை. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் பெரிய மூலக்கூறுகள் பல வாசலிலேயே நின்றுவிடும். மணியில் உள்ள அமீன் தொகுதிகள் (நைட்ரஜன் கொண்ட பகுதிகள்) அவற்றை இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் கொஞ்சம் அமிலமாக இருந்தால். வெறும் கைட்டோசான் அமிலத்தில் கரைந்து கூழாகும். அதனால் குறுக்குப் பிணைப்பு (கரையாதபடி இழைகளை ஒன்றோடொன்று கட்டுவது) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

செம்பு, காரீயம்: இவற்றை நீரிலிருந்து எடுக்க மணிதான்.

மறுபயன்பாடு: கரிக்குச் சுமார் 800 டிகிரி சூளை வேண்டும். மணியைக் கழுவிச் சில முறை ஓட்டலாம்.

உப்பு இரண்டாலும் போகாது, அதற்கு ஆர்ஓ.

நாற்றம், லேசான நிறம் மட்டும் என்றால் கரி போதும். சாயப்பட்டறை, முலாம் பட்டறை நீருக்கு மணியையே எடுப்பேன்.