கபடி முடிந்தபின் வரும் டிவி பேச்சு: எப்போது ருசிக்கிறது, எங்கே சறுக்குகிறது

புரோ கபடி லீக் ஆட்டம் முடிந்ததும் தமிழ் அலைவரிசையில் தொகுப்பாளரும் முன்னாள் வீரர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். திருநெல்வேலிச் சீமையில் அதை உன்னிப்பாகப் பார்க்கிற கூட்டம் உண்டு. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மின்னொளி கபடி நடக்கிற ஊர்கள் இவை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசன் தாமிரபரணிக் கரைக்காரர். "அருமையான ஆட்டம், அபாரமான வீரர்" என்ற பேச்செல்லாம் இங்கே எடுபடாது. எதிரணிப் பக்கம் பாடிப் போகிற ரைடர் ஏன் மாட்டினார் என்று சொல்லணும்.

அதற்கு ஒரே ஒரு ரைடு போதும். போனஸ் என்ற கூடுதல் புள்ளி எடுக்கப் போய் மாட்டுவதையே எடுத்துக்கொள்வோம். எதிரே 6 பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு. ஒரு காலை எதிரணிக் களத்தின் பின்பக்கம் உள்ள போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது மற்ற கால் தரையைத் தொடக்கூடாது. அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுக்க ஒற்றைக் காலில்தான். பிடிக்கிற வரிசையின் ஓரமான கார்னரில் நிற்பவர் காத்துக் கிடப்பது அதற்காகத்தான். ஊன்றிய கணுக்காலை இரண்டு கையாலும் கோத்து வாரினால், அவருக்கு உள்பக்கம், கவரில் நிற்பவர் வந்து இடுப்பைப் போட்டு அமுக்கிவிடுவார். கார்னர் கொஞ்சம் முந்திப் பாய்ந்தால் கால் இன்னும் ஊன்றியிருக்காது; ரைடர் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கவர் வரப் பிந்தினால் பிடித்த கணுக்காலும் உருவிக்கொள்ளும்.

பல நிகழ்ச்சிகள் சறுக்குவது இங்கேதான். ரைடர் கீழே விழுகிற இடத்திலிருந்து ரீப்ளே ஓடுகிறது. தப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். மூன்று, நான்கு நொடி முன்னால் தொடங்கி, கால் ஊன்றும் இடத்தில் படத்தை நிறுத்தி, கார்னரின் பாதத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும். தாழ்வாக வைத்த கேமராவில்தான் அந்தப் பாதம் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் ஆட்களின் முதுகுதான் மறைக்கும். படம் ஓடும்போது பேசுபவர் வாயை மூடியிருப்பதும் ஒரு கலை.

புள்ளிக்கணக்கு காட்டுவதிலும் குறை இருக்கிறது. "10 ரைடு புள்ளி" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். 12 ரைடில் எடுத்த பத்தும் 22 ரைடில் எடுத்த பத்தும் ஒன்றாகுமா? ஓர் அணிக்குத் தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகணும், இல்லையேல் அவுட். அப்படிக் கட்டாயத்தில் போய் மாட்டியதைத் தனியாகக் காட்டாவிட்டால், அணிக்காகத் துணிந்து போன ஆள் மட்டமான ஆட்டக்காரராகத் தெரிவார். அது அநியாயம்.

மேசைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் ரைடராகவும் ஒருவர் பிடியாளராகவும் இருந்தால் கருத்து மோதும், நமக்கும் விஷயம் கிடைக்கும். மூன்று ரைடர்கள் சேர்ந்தால் ஆமாம் போடுவதிலேயே நேரம் போய்விடும். தொகுப்பாளரின் கேள்வி "எப்படிப் பார்க்கறீங்க?" என்று மொட்டையாக இருக்கக்கூடாது. "அண்ணே, அந்த இடத்துல கவர் ஏன் உள்ள வரல?" என்று கேட்டால் பதிலும் காலில், இடுப்பில் போய் நிற்கும்.

பின்னணி இசை பேச்சை அமுக்கினால் டிவியின் ஒலி அமைப்பைப் பேச்சுக்கு உரியதாக மாற்றிப் பாருங்கள், சரவுண்ட் ஒலியை அணைத்துவிடுங்கள், ஓரளவு தெளியும். மூவரும் ஒரே நேரத்தில் கத்தினால் எந்த அமைப்பும் உதவாது.

நம்ம தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் தோற்ற இரவில்தான் நிகழ்ச்சியின் தரம் தெரியும். களத்தில் 3 பேர் மட்டும் நிற்கையில் எதிரணி ரைடரைப் பிடித்தால் 2 புள்ளி என்பதை நம்பி நின்றார்களா, பயந்து ஒதுங்கினார்களா? கடைசி 2 நிமிடத்தில் அணி முன்னிலையில் இருக்கையில் ரைடர் தனக்குள்ள 30 நொடியையும் ஓட்டிவிட்டுத் திரும்பாமல் எதற்கு உள்ளே போனார்? "பையன்கள் போராடினார்கள்" என்று தடவிக் கொடுத்து முடிக்காமல், அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் ரைடு ரைடாகப் பிரித்துக் காட்டும் நிகழ்ச்சிக்காக இரவு பதினொன்று வரை விழித்திருக்கலாம்.