பாட்டி சிப்ஸ் 'பட்டி சிப்ஸ்' ஆன கதை: லேபிள் அடிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

செங்கோட்டையில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறேன். குற்றாலச் சீசன், அப்புறம் கார்த்திகை மார்கழியில் ஐயப்ப சாமிகள் போகிற நேரம், இரண்டும்தான் எனக்கு வருஷம். மிச்ச நாளில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூர் பேக்கரிகளுக்கும் சரக்கு அனுப்பலாம் என்று போன வருஷம் ஓர் ஆசை வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்கள். நான் கொல்லம் ரோட்டில் சிப்ஸ் விற்கக் கிளம்பினேன்.

வெறும் கவரில் கட்டிக் கொடுத்தால் பேக்கரிக்காரர் வாங்க மாட்டார். லோகோ, லேபிள், கடை போர்டு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்று ஒரு டிசைனர் கிடைத்தார். பெயர் சொல்லப் போவதில்லை. ஆளை அடிக்க எழுதவில்லை, அடுத்த ஆள் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பேச்சில் மன்னன். "நைக்கி கம்பெனியோட அந்த டிக் மார்க்கை 1971-ல ஒரு மாணவி 35 டாலருக்கு வரைஞ்சாங்க சார். லண்டன் 2012 ஒலிம்பிக் லோகோவுக்கு 4 லட்சம் பவுண்டு. நான் நடுவுல நிக்கிறேன்" என்றார். பிற்பாடு தேடிப் பார்த்தேன், இரண்டும் உண்மைதான். அந்த ஒலிம்பிக் லோகோவை 2007-ல் வெளியிட்டதும் ஊரே கேலி செய்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அட்வான்ஸ் 10,000 கொடுத்தேன்.

கடைக்குப் பெயர் 'பாட்டி சிப்ஸ்'. எங்கள் பாட்டிதான் எனக்கு எண்ணெயின் பதம் சொல்லிக் கொடுத்தது. அதனால் லோகோவில் ஒரு பாட்டி முகம் வேண்டும் என்றேன். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் வந்தது. வட்டக் கண்ணாடி, கொண்டை, சிரிப்பு. கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். அடடா, சுருக்கம்கூட விடாமல் வரைந்திருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டேன். அது சுருக்கம் இல்லை. காசு கொடுக்காமல் படத்தை எடுக்கக் கூடாது என்று படம் விற்கும் தளங்கள் மேலே போட்டு வைக்கும் வாட்டர்மார்க். இதே பாட்டியைப் பிறகு தென்காசியில் ஒரு பினாயில் பாட்டிலிலும் பார்த்தேன். அங்கே கன்னம் வழவழவென்று இருந்தது. பினாயில்காரர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

சரி, லேபிளுக்கு வருகிறேன். தமிழிலும் மலையாளத்திலும் பெயர். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. எல்லையில் பாதிப் பேர் இப்படித்தான். அச்சடிக்கும் முன் சரிபார்க்கச் சொல்லி மாதிரி, அதாவது புரூஃப், வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) கொடுக்கும் உரிம எண் 14 இலக்கமும் இருக்கிறதா என்று விரல் விட்டு மூன்று முறை எண்ணினேன். எடை, விலை, தேதிக்கான இடம் எல்லாம் சரி. மலையாளத்தைப் பார்த்து, வட்டம் வட்டமாக நல்லா இருக்கு என்று கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டேன். ஸ்டிக்கர் 5,000 அடித்தாயிற்று.

முதல் லோடு புனலூருக்குப் போய் ஒரு மணி நேரத்தில் பேக்கரிக்காரர் போன் பண்ணினார். சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை. "அண்ணா, இதில் பட்டி சிப்ஸ் என்னாணல்லோ எழுதியிரிக்குன்னது!"

'பா'வுக்குக் கால் விட்டுப் போயிருக்கிறது. பாட்டி பட்டியாகிவிட்டது. தமிழில் பட்டி என்றால் ஊர், இல்லை ஆட்டுப் பட்டி. மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

இதோடு போயிருந்தால்கூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். சைவ உணவுக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் லேபிள் முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம். அந்தப் பச்சை மட்டும் 'செட் ஆகலை' என்று டிசைனர் அதையும் காப்பிக்கொட்டை நிறத்துக்கே மாற்றிவிட்டார். பழுப்பு வட்டம் என்பது அசைவத்துக்கு இருந்த குறி. 2020-ன் லேபிள் விதிகளில்தான் அதை முக்கோணமாக மாற்றினார்கள், ஆனால் ஜனங்கள் கண்ணில் பழுப்பு என்றாலே இன்னும் அசைவம்தான். ஆக, பாக்கெட்டின் மேலே நாய் சிப்ஸ், கீழே அசைவம் என்று முத்திரை. ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பேக்கரிக்காரர் எல்லாப் பாக்கெட்டையும் திருப்பி அனுப்பினார், இரண்டைத் தவிர. அதை நண்பர்களுக்குக் காட்ட வைத்துக்கொண்டாராம்.

பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ஆர் எழுத்து வேறு. பதிவு செய்த டிரேட்மார்க்குக்கு மட்டும் போட வேண்டியது, நான் விண்ணப்பமே போடவில்லை. கேட்டால், "ஒரு ரிச் லுக்குக்காக சார்."

டிசைனரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக என் கட்டைவிரலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பினார். "நீங்க அப்ரூவ் பண்ணினதுதானே சார்? கரெக்ஷன்னா 3,500 ஆகும்." பெரிய கம்பெனிக்கும் இப்படி நடக்கும் என்று ஆறுதல் வேறு. ஆன்லைனில் துணி விற்கும் மைந்த்ரா 2021-ல் லோகோ ஆபாசமாகத் தெரிகிறது என்ற புகார் வந்து மாற்றிக்கொண்டது உண்மைதான். அங்கே எழுத்து எப்படித் தெரிகிறது என்று ஒரு வாதமாவது இருந்தது. இங்கே எழுத்தே இல்லை.

கடை போர்டு இன்னொரு கூத்து. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் கொடுக்க ஃபைல் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த அதே சின்ன ஜேபிஜியைத்தான் அனுப்பினார். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோரல்டிரா ஃபைல் வேண்டுமென்றால் தனிக் காசாம். அவசரத்தில் ஜேபிஜியையே 12 அடிக்கு இழுத்து அடித்தார்கள். பாட்டி முகம் கட்டம் கட்டமாக வந்தது. டிவி செய்தியில் பிடிபட்டவர் முகத்தை மறைத்துக் காட்டுவார்களே, அசல் அதுதான். பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவர், "யாருண்ணே அது, கேஸ் ஏதும் நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் லேபிள் அடிப்பதாக இருந்தால், கோரல்டிரா ஃபைலையும், படத்தைக் காசு கொடுத்து வாங்கிய ரசீதையும் கையில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நல்ல வேளை, நான் ஸ்டிக்கரோடு நின்றேன். கவரிலேயே அச்சடிக்க நிறத்துக்கு ஒரு அச்சு உருளை, அதாவது சிலிண்டர், செதுக்க வேண்டும். அதில் ஓர் எழுத்து தப்பினால் அந்தச் சிலிண்டரே போச்சு. முக்கியமாக, புரூஃபை அந்த மொழி வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அப்படி ஓர் ஆள் வீட்டிலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது. பாட்டி சின்ன வயதில் மலையாளமும் எழுத்துக்கூட்டிப் படித்தவள். திரும்பி வந்த பாக்கெட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்து வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏல, என்னைய நாயாக்கிட்டியேல."

மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம் ஸ்டிக்கர். தூக்கிப் போட மனசு வரவில்லை. மலையாளத்துக் காலும் நம் கால் மாதிரியேதான் இருக்கிறது, அதனால் பாட்டி ஒரு மார்க்கரை வாங்கி, இடமே இல்லாத இடத்தில் ஒவ்வொன்றாகக் கால் போட்டுக்கொண்டு வந்தாள். இருநூறு தேறியிருக்கும். அப்புறம் நான் பச்சை மார்க்கர் எடுத்து அந்தப் பழுப்பு வட்டத்தின் மேல் தடவினேன். கறுப்பாகிவிட்டது.