கால் தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டி 14 மாசம் ஆச்சு, ஓட்டிப் பாத்தவ சொல்றேன்

மோட்டார் எப்படி இருக்கு, வாங்கலாமானு கேக்குறவகளுக்கு தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். எங்கம்மா எனக்கு சீரா கொடுத்தது ஒரு உஷா கால் மிஷின், கருப்பு உடம்பு, இரும்பு ஸ்டாண்டு. அதுக்கு போன வருஷம் ஏப்ரல்ல ஒரு சின்ன மோட்டார் வாங்கி மாட்டுனேன். மோட்டாரு, பெடலு, ரப்பர் பெல்ட்டு எல்லாம் சேத்து 1,350 ரூபா, மாட்டுன கூலி 200. நான் டெய்லர் கிடையாது, கடையும் இல்ல. ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம்ங்கிற ஊரு பக்கம் எங்க வீட்ல இருக்க அஞ்சு பேருக்கு தைக்கிறதும் பழசப் பிரிச்சு வேற ஒண்ணா ஆக்குறதும்தான் நம்ம வேலை. நாளைக்கு பத்து ஜாக்கெட் தைச்சுக் கொடுக்கிறவுக இத வாங்காதீக, உங்களுக்கு பவர் மிஷின்தான் லாயக்கு.

மோட்டாருக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு, அதச் சொல்லாம இத சொல்ல முடியாது. போன்ல ஒரு விளம்பரம், கையடக்கமா ஸ்டேப்ளர் மாதிரி ஒரு தையல் மிஷின், 499 ரூபா, அமுக்குனா டக்கு டக்குனு தைச்சுக்கிட்டே போகுது, ஆஹானு ஆர்டர் போட்டுட்டேன். கம்பெனி பேரு வேணாம், எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு. வந்த அன்னைக்கே மகனோட பள்ளிக்கூட டவுசர்ல பின் தையல் விட்டுப்போனத அதுல அடிச்சுக் கொடுத்து அனுப்புனேன். பிரேயர்ல நிக்கும்போது நூல் முனை தொங்குதுனு பின்னாடி நின்ன பய புடிச்சு இழுத்துருக்கான், மொத்தமா சர்ர்ருனு வந்துருச்சு. அரிசி மூட்டை வாய்ல இருக்க நூல ஒரு பக்கம் புடிச்சு இழுத்தா பூராவும் கழண்டு வரும்ல, இதுவும் அதே சங்கிலித் தையல்தான், ஒத்த நூலு, அடியில நூல் சுத்தி வைக்கிற பாபினே கிடையாது. கால் மிஷின்ல மேல் நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவுல ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிரும், நடுவுல அறுந்தா கூட அந்த இடம்தான் விடும். பய அன்னைக்கு பூரா புத்தகப்பைய பின்னாடி தொங்கவிட்டுக்கிட்டே திரிஞ்சிருக்கான். சாயங்காலம் வந்து ஒரு பார்வை பாத்தான் பாருங்க, இன்னும் மறக்கல. அந்த ஸ்டேப்ளர் இப்ப பரண்ல கெடக்கு.

சரி கால் மிஷின் இருக்கும்போது ஏன் அங்கிட்டு இங்கிட்டு போகணும்னா, முட்டி வலி. எங்களுக்கு தையல் வேலை வருஷம் பூரா ஒரே மாதிரி வராது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்க வீட்டுக்காரரு படகுல போறவுக, அந்த ரெண்டு மாசமும் கையில காசு ஓட்டம் இருக்காது. கரெக்டா அப்பதான் ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கும். புதுசு வாங்க வேண்டியத எல்லாம் பழசுல இருந்து எடுக்கணும், எல்லாத்தையும் அந்த ரெண்டு மாசத்துலயே எடுக்கணும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மிதிச்சு மிதிச்சு முட்டி வீங்கி மாடிப்படி ஏற முடியாமப் போச்சு.

மிஷின் தலைய மட்டும் ஸ்டாண்டுல இருந்து கழட்டி சேலையில கட்டி ராம்நாடு பஸ்ல மடியில வச்சுக்கிட்டுப் போனேன், கண்டக்டர் என்னம்மா சிலையானு கேட்டாரு. அரண்மனை பக்கம் மிஷின் ரிப்பேர் பாக்குற ஒரு அண்ணன் இருக்காரு, அவரு வீல சுத்திப் பாத்துட்டு மோட்டார் பேச்சையே எடுக்கல. "என்னத்தா, சமையல் பண்ணுனியா இதுல?"ன்னாரு. தேங்கா எண்ணெய் விட்டுருக்காக எங்க அத்தை, நான் பிரசவத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, துரு புடிச்சிரும்னு பாசத்துல. அது உள்ள பிசினு மாதிரி ஆகி நூல் தூசியோட சேந்து அப்பிக்கிச்சு. நான் இத்தன வருஷமா மிதிச்சதுல பாதி பலம் அந்தப் பிசினுக்குத்தான் போயிருக்கு. மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி, துடைச்சு, திரும்ப மிஷின் எண்ணெய் விட்டாரு, அப்புறம் ஒத்த விரல்ல வீலு சுத்துச்சு. அதப் பாத்ததும் மோட்டாரே வேணாம், அந்த 1,350 மிச்சம்னு திரும்பிருவமானு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. உங்க மிஷின் கனமா மிதிச்சா முதல்ல இதப் பாருங்க, 150 ரூபாயில முடியுற வேலையா இருக்கலாம்.

மாட்டுறது பெரிய வேலை இல்ல. வீலுக்குக் கீழ மிஷின் உடம்புலயே ஒரு திருகு ஓட்டை இருக்கும், அதுல மோட்டார புடிச்சு சின்ன ரப்பர் பெல்ட்ட வீல்ல மாட்டுறாக, அம்புட்டுதான். ஆனா எல்லா பழைய மிஷின்லயும் அந்த ஓட்டை இருக்காது, பாத்துட்டு காசக் கொடுங்க. என்கிட்ட யாரும் சொல்லாதது ரெண்டு. மோட்டார் பின்னாடி துருத்திக்கிட்டு நிக்கிறதுனால எண்ணெய் விட தலைய பின்னால சாய்க்கும்போது பலகையில இடிக்கும், நான் எங்க ஊரு ஆசாரிய வச்சு பலகைய ஒரு ஓரம் செதுக்குனேன். அப்புறம் மிஷின மூடி வைக்கிற மர மூடி இப்ப உக்காராது.

பெடல் பத்தி சொல்றேன், இங்கதான் எனக்கு கோவம். லேசா அழுத்துனா ம்ம்ம்ம்னு இரையும், நகராது. இன்னும் கொஞ்சம் அழுத்துனா திடீர்னு பாஞ்சு நாலு இஞ்சு ஓடிரும். கால் மிஷின்ல ஒவ்வொரு தையலா எண்ணி எண்ணி வச்சுப் பழகுனவளுக்கு இது வெறிபிடிச்ச கன்னுக்குட்டிய கயித்துல புடிச்ச மாதிரி இருந்துச்சு. முதல் வாரம் மகளோட பாவாடைக்கு சுருக்கு வைக்கும்போது ஆள்காட்டி விரல் நகத்துல ஊசி ஏறிருச்சு, நல்லவேளை ஓரத்துல. அதுக்கப்புறம் ஒரு வழி கண்டுபுடிச்சேன், பழைய துண்ட நாலா மடிச்சு பெடலுக்குள்ள இடுக்குல சொருகி வச்சுக்கிட்டா முழுசா அமுங்காது, வேகம் ஒரு அளவுக்கு மேல ஏறாது. மூலை திரும்புறப்ப, கழுத்து வளைவுல, பெடல விட்டுட்டு கையாலயே வீல சுத்திக்கிறேன். மகளுக்கு வேற மாதிரி. அவ இதுலயே கத்துக்கிட்டதால அவளுக்கு பாயாது, மெதுவா போகுது. கால் மிஷின்ல பழகுறவுகளுக்கு வீலு பின்பக்கமா ஓடி நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்ல, நான்லாம் அதுக்கே ஒரு மாசம் அழுதிருக்கேன், மோட்டார் ஒரே பக்கம்தான் சுத்தும், அந்தப் பாடு அவளுக்கு இல்ல.

இனி நல்லது. எங்க அத்தை தீவுப்பக்கம் பாசி எடுக்கப் போறவுக. மரிக்கொழுந்துனு ஒரு கடல்பாசி, பாறையில ஒட்டி வளரும், கையால பிச்சு எடுக்கணும், பாறை கிழிச்சு விரல் முனையெல்லாம் பிஞ்சு போயிரும், அதுக்கு எல்லாரும் துணிய கிழிச்சு விரல்ல சுத்திக்கிட்டு போவாக. நான் வீட்டுக்காரரோட பழைய ஜீன்ஸ்ல விரலுக்கு உறை தைச்சுக் கொடுக்குறேன். காலோட கீழ்ப்பக்கம் தேயாம இருக்கும், அதுல ரெண்டு ரெண்டு துண்டா நாக்கு மாதிரி வெட்டி சுத்தி அடிக்கணும். முதல்ல வழக்கம்போல தைச்சு உள்ள வெளிய திருப்பிக் கொடுத்தேன், "ஏண்டி, தையலு நகத்துக்கடியில குத்துது, இதுக்கு பாறையே தேவல"ன்னு தூக்கிப் போட்டாக. இப்ப திருப்புறதே இல்ல, தையல் வெளியவே தெரியும், பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். நூல்லயும் ஒரு பாடம். பருத்தி நூல்ல தைச்சது கடத்தண்ணியில ஊறி ஊறி மூணு வாரத்துல இத்துப்போச்சு, துணி அப்படியே இருக்கு, நூல் போயிருச்சு. பாலியஸ்டர் நூலுக்கு மாத்துனதுல இருந்து ஜீன்ஸ் கிழியுற வரைக்கும் தையல் நிக்குது. இந்த வேலைக்கு 18ம் நம்பர் ஊசி, சாதா துணிக்கு 14 போதும். ரெண்டு மடிப்பு ஜீன்ஸ மோட்டார் அலட்டிக்காம தைக்குது. நாலு மடிப்பு சேர்ற பட்டித் தையல் கிட்ட மட்டும் இரைஞ்சுக்கிட்டு நின்னுரும், அப்ப பெடல அழுத்திக்கிட்டே இருந்தா சூடு வாடை வரும், உடனே காலை எடுத்துட்டு வீல கையால நாலு சுத்து சுத்தி தாண்டி விட்ருங்க.

யூனிஃபார்ம் பாவாடை எப்பவுமே ரெண்டு சைஸ் பெருசா எடுத்து அடியில மடிச்சு மடிச்சு தைச்சு வைக்கிறது எங்க வீட்டு வழக்கம், வருஷத்துக்கு ஒரு மடிப்ப பிரிச்சு இறக்குவோம். பிரிச்சதும் பழைய மடிப்பு இருந்த இடத்துல ஒரு கோடு தெரியும், அதுக்கு மேல வெளுத்திருக்கும், கீழ உள்ள மறைஞ்சு இருந்த துணி புதுசாட்டம் பளிச்சுனு நிக்கும். எம்புட்டு தேய்ச்சாலும் போகாது. "அம்மா, போன வருஷப் பாவாடைனு எல்லாருக்கும் தெரியும்மா"ன்னு மக ஒரே அழுகை. லேஸ் வைக்கலாம்னா யூனிஃபார்ம்ல விடமாட்டாக. யோசிச்சு அந்தக் கோட்டு மேலயே நூல் தடிமனுக்கு ஒரு டக், அதான் சின்ன மடிப்பு, புடிச்சு சுத்தி ஓட்டிவிட்டேன், கோடு டக்குக்குள்ள போயிருச்சு. தனியா ஒரு டக் இருந்தா சந்தேகம் வரும்னு கீழ இன்னும் ரெண்டு. இப்ப அது டிசைனு. அந்த மூணு சுத்தும் மோட்டார்ல கால் மணி நேரம், மிதிச்சிருந்தா ஒரு மணி நேரமும் கொஞ்சம் முட்டியும் போயிருக்கும். நேர் தையலா நீளமா ஓடுறதுக்கு இந்த மோட்டார அடிச்சுக்க ஆளில்ல. சேலைக்கு ஃபால்ஸ், தலகாணி உறை, திரை, கைலி மூட்டுறது எல்லாம் பறக்குது.

கைலினதும் ஞாபகம் வருது, கைலி உக்காருற இடத்துலதான் இத்துப்போகும், கரையோரம் ரெண்டும் கெட்டியா இருக்கும். மூட்டுனத பிரிச்சா 2 மீட்டர் துணி, நடுவுல இத்தத வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்துல மகளுக்கு உள்பாவாடையும் ரெண்டு தலகாணி உறையும் வருது.

ஆகாதத சொல்லிர்றேன். பனியன் துணி இதுல சரியா வராது, தையல் விட்டு விட்டு விழும். அது மோட்டார் குத்தம் இல்ல, இழுபடுற துணியில சாதா கூர் ஊசி அப்படித்தான். பால் பாயிண்ட் ஊசினு முனை மழுங்கலா ஒண்ணு கேட்டு வாங்கி, துணிய லேசா இழுத்துப் புடிச்சு தைச்சா ஓரளவு நிக்குது, ஆனா டி ஷர்ட் கழுத்தெல்லாம் நான் தொடுறதில்ல. ஓவர்லாக்கும் வராது, நைட்டி உள் ஓரத்தை கடையிலதான் கொடுத்து அடிக்கிறேன்.

கரண்டு பில்லு கேக்குறாக. மோட்டார் மேல 100 வாட்ஸ்னு போட்டுருக்கு, பத்து மணி நேரம் விடாம ஓட்டுனாத்தான் ஒரு யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீயா வருதுல்ல, அதுல இது எறும்பு. கரண்டு போனா மட்டும்தான் சிக்கல், அதுக்காக மிதிக்கிறதுக்கு முன்னாடி மாட்டியிருந்த தோல் பெல்ட்ட தூக்கிப் போட்றாதீக. ரப்பர் பெல்ட்ட வீல்ல இருந்து தள்ளிவிட்டு தோல் பெல்ட்ட மாட்டுனா பழையபடி மிதிக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. எங்க பக்கத்து வீட்டு மதினி இந்தப் பேச்சக் கேட்டுட்டு தனக்கும் வாங்கிட்டாக, அவுகளுது சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல அரசாங்கம் கொடுக்கிற இலவச தையல் மிஷின் திட்டத்துல வந்தது. தையல் சான்றிதழ் இருந்தா நீங்களும் சமூக நலத்துறை ஆபீஸ்ல விசாரிங்க, மிஷினுக்கு ஆகுற காசு மிச்சம்.

உப்புக்காத்துதான் இங்க பெரிய எதிரி. வீட்ல இருந்து பாத்தா கடல், சன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு சுத்து மெலியுது, மிஷின் தப்பிக்குமா. மோட்டார் உடம்பு பெயிண்ட் அடிச்சதால பரவால்ல, அதப் புடிச்சிருக்க திருகுதான் மூணே மாசத்துல சிவந்துருச்சு, இப்ப மாசம் ஒரு தடவை எண்ணெய் தொட்ட துணியால துடைக்கிறேன். ஊசிய மிஷின்லயே விடுறதில்ல, கழட்டி எண்ணெய்த் துணியில குத்தி வச்சுருவேன். துரு ஏறுன ஊசி கண்ணுக்குத் தெரியாது, நூல் பிசிறு பிசிறா வந்து அறும், முனைய நகத்து மேல மெல்ல இழுத்துப் பாருங்க, கீறுச்சுனா தூர எறிஞ்சிரணும். எண்ணெய் விட்டதும் நல்ல துணிய வைக்காம ஒரு கந்தல்ல பத்து வரி ஓட்டிருங்க, மகளோட வெள்ளைச் சட்டையில நான் வாங்குன கறை இன்னும் இருக்கு.

பதினோராவது மாசம் மோட்டார் விட்டு விட்டு ஓட ஆரம்பிச்சுச்சு, உள்ள நீலமா பொறி பறக்குது. பயந்துபோய் அண்ணனுக்கு போன் போட்டா சிரிக்கிறாரு, உள்ள கார்பன் பிரஷ் தேய்ஞ்சு போச்சாம், ஜோடி 40 ரூபா. மோட்டாரோட ரெண்டு பக்கமும் இருக்க மூடிய திருகி எடுத்து நானே மாத்திட்டேன், பிளக்க புடுங்கிட்டுத்தான். வாங்கும்போதே ஒரு ஜோடி பிரஷும், ஒரு ரப்பர் பெல்ட்டும் சேத்து வாங்கி வச்சுக்கங்க. பெல்ட் வாங்கப் போறப்ப பழச கையோட கொண்டுபோங்க, வாயால அளவு சொல்லி நான் வாங்கிட்டு வந்தது ஒரு விரக்கடை பெருசு, அதுக்குனு இன்னொரு தடவை ராம்நாடு போயிட்டு வந்தேன்.