விஸ்ன் ஆள்கணக்கு: ஆண்டுதோறும் போட்டுப் பார்த்தால் தெரிபவை

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்று கேட்டால், இத்தனை ஆயிரம் மக்களுக்கு இத்தனை பேர் என்ற விதியைத்தான் பெரும்பாலும் எடுத்து நீட்டுவார்கள். ஒரே மக்கள்தொகை கொண்ட இரு நிலையங்களில் ஒன்றில் தினமும் நூறு பேர் வரிசையில் நிற்கலாம், இன்னொன்றில் இருபது பேர் வந்துபோகலாம். அந்த விதியில் இரண்டும் ஒன்றுதான். இந்தக் குறைக்காக உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வெளியிட்டு 2010-இல் திருத்திய முறை விஸ்ன் (WISN, பணிச்சுமையை வைத்து ஆள் தேவையைக் கணக்கிடுவது). வேலையை நேரமாக மாற்று, நேரத்தை ஆளாக மாற்று என்பதே அதன் சாரம். தனி மென்பொருளும் உண்டு. ஒரு எக்செல் தாளே போதும்.

பயன்படுத்தலாமா என்றால், கட்டாயம் பயன்படுத்தலாம். பணியிடம் கேட்கவும், ஆட்களை நியாயமாகப் பங்கிடவும் இதைவிட வலுவான காகிதம் கையில் கிடைப்பது அரிது. ஆனால் இரவுப் பணி உள்ள சிறு நிலையங்களில் இதை மட்டும் நம்பினால் ஆபத்து. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஒருவர் ஆண்டில் உண்மையில் வேலை செய்யக் கிடைக்கும் நேரம். வாரம் 5 நாள் வீதம் 260 நாள். பொது விடுமுறை 15, ஈட்டிய விடுப்பு 20, நோய் விடுப்பு 8, பயிற்சி 7 என்று 50 நாளைக் கழித்தால் 210 நாள். நாளுக்கு 8 மணி என்றால் 1,680 மணி. (இவையெல்லாம் மாதிரி எண்கள், அவரவர் பணி விதிப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.) நோய் விடுப்புக்கு விதியில் உள்ள உச்ச வரம்பை எழுதக் கூடாது, வருகைப் பதிவேட்டில் இருந்து உண்மையில் எடுத்த சராசரியை எடுக்க வேண்டும். பயிற்சி நாட்களைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

அடுத்து ஒவ்வொரு வேலைக்கும் நேர அளவு. புறநோயாளி ஒருவருக்குச் செவிலியர் நேரம் 10 நிமிடம் என்றால், ஒரு செவிலியரின் ஆண்டுக் கொள்ளளவு 10,080 பேர். ஆண்டில் 18,000 பேர் வந்தால் 1.79 ஆள். கர்ப்பகாலப் பரிசோதனை 20 நிமிடம், 3,000 முறை: 0.60. தடுப்பூசி 10 நிமிடம், 4,000 குழந்தைகள்: 0.40. பிரசவம் 8 மணி, ஆண்டுக்கு 120: 0.57. கூட்டினால் சுமார் 3.35 ஆள்.

இந்த நேர அளவில்தான் கணக்கின் நேர்மை இருக்கிறது. கடிகாரத்தோடு நின்று அளந்தால் மூன்று நிமிடத்தில் ஒருவரை அனுப்புவது தெரியவரும். அதையே அளவாக எழுதினால், ஆள் பற்றாக்குறையால் வந்த அவசரத்தை நாமே சட்டமாக்கிவிடுகிறோம். முதல்நிலை மருத்துவர்கள் ஒருவருக்கு ஒதுக்கும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி, சுவீடனில் 22.5 நிமிடம் என்று 2017-இல் வெளியான ஓர் ஒப்பாய்வு காட்டியது. நடப்பதை அளந்தால் எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ரத்த அழுத்தம் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்லி முடிக்க ஆகும் நேரத்தை, அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் அனுபவசாலிகள் நாலைந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

பிறகு எல்லாரும் செய்யும், ஆனால் நோயாளி எண்ணிக்கையில் வராத வேலைகள்: பதிவேடு எழுத நாளுக்கு 1 மணி (12.5%), வீட்டுப் பார்வை வாரம் 4 மணி (10%), கூட்டங்கள் மாதம் 2 மணி (சுமார் 1.5%). மொத்தம் 24%. இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. 3.35-ஐ 1.24-ஆல் பெருக்கி 4.15 என்று எழுதிவிடுவார்கள். தவறு. அந்த 24% மொத்த நேரத்தில் போகிறது. நோயாளிகளுக்கு மிஞ்சுவது 76% மட்டுமே. ஆகவே 0.76-ஆல் வகுக்க வேண்டும். விடை 4.41. தடுப்பூசிக் குளிர்பெட்டியையும் மருந்து இருப்பையும் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மட்டும் ஆண்டில் 168 மணி, அதாவது 0.1 சேர்த்தால் 4.51.

முழு எண்ணாக்கவும் கையேட்டில் தனி விதி உண்டு. 5 வரை, ஒருவரிடம் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் சுமை ஏறாதபடி பார்க்க வேண்டும்: 4.4 வரை 4, அதைத் தாண்டினால் 5. ஆக, இந்த நிலையத்துக்கு 5 செவிலியர். பெருக்கியவருக்கு 4.15 + 0.1 = 4.25, அதாவது 4. ஒரு கணக்குப் பிழையில் ஒரு பணியிடம் போய்விட்டது.

இன்னொரு பக்கம், பதிவேடு எழுதும் நேரத்தைப் புறநோயாளிக்கான 10 நிமிடத்துக்குள்ளும் வைத்து, 12.5 விழுக்காட்டிலும் வைத்தால் இரட்டைக் கணக்கு. நிதித் துறையில் யாராவது அதைக் கண்டுபிடித்தால் முழுத் தாளின் நம்பகமும் போய்விடும்.

முடிவை எப்படிப் படிப்பது? 3 பேர் இருந்து 5 பேர் தேவையென்றால் விகிதம் 0.6. வித்தியாசம் மட்டும் பார்க்கக் கூடாது: 20 பேர் வேண்டிய இடத்தில் 18 பேர் இருந்தாலும் குறைவு இரண்டுதான், ஆனால் விகிதம் 0.9, சமாளித்துக்கொள்ளலாம். புதிதாக வரும் ஒருவரை எங்கே அனுப்புவது என்பதற்கு விகிதமே வழிகாட்டி. ‘இருக்கும் ஆள்’ என்ற கட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தை எழுதுவது அடுத்த பெரிய தவறு. மாற்றுப்பணியில் வேறிடம் போனவர், நீண்ட விடுப்பில் உள்ளவர் இருவரையும் கழித்தே எழுத வேண்டும்.

தொடர்ந்து போட்டு வரும்போதுதான் ஒரு பொறி புலப்படும். மருந்து தீர்ந்துபோன, ஆள் இல்லாத நிலையத்துக்கு மக்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். வருகை குறைந்ததால் கணக்கு ‘ஆள் அதிகம்’ என்று சொல்லும். இருப்பவரையும் எடுத்துவிட்டால் நிலையம் மெல்லச் சாகும். இதைத் தடுக்க, வந்தவர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வர வேண்டியவர் எண்ணிக்கையையும் போட வேண்டும். பகுதியில் 375 கர்ப்பிணிகள் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2016 பரிந்துரைப்படி தலா 8 முறை, 3,000 பரிசோதனை. பதிவேட்டில் 1,400 இருந்தால், மீதி 1,600 மக்களுக்குச் சேராத சேவை. நேர அளவுகளையும் எண்ணிக்கைகளையும் வழிகாட்டுதல் மாறும்போதெல்லாம் புதுப்பிப்பதும் இதே காரணத்துக்காக. பழைய 4 முறை மாதிரியையே வைத்திருந்தால் மேலே உள்ள 4.51 என்பது 4.11 ஆகி, மறுபடி 4 பேரில் போய் நிற்கும்.

பதிவேட்டில் ஏதேனும் ஒரு மாதம் விடுபட்டிருந்தால் சுழியம் போடாமல், மற்ற 11 மாதச் சராசரியைப் போட்டு, அப்படிப் போட்டதைத் தாளிலேயே குறிக்க வேண்டும்.

இப்போது இரவுப் பணி. விஸ்ன் சொன்ன ஐந்து பேரின் மொத்த நேரம் 8,400 மணி. பிரசவ அறையில் எந்நேரமும் ஒரே ஒருவர் இருக்க வேண்டுமென்றால்கூட ஆண்டுக்கு 8,760 மணி வேண்டும். பகல் கூட்டத்தைப் பார்க்க ஆளே மிஞ்சாது. பிரசவம் 120 தான் என்பதால் கணக்கு அதைச் சிறிய வேலையாக நினைக்கிறது. காத்திருப்பதும் பணிதான் என்பது அதில் இல்லை. ஆகவே இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். வேலைநாள் பகல் 245 × 8 = 1,960 மணியைக் கழித்தால், மாலை, இரவு, விடுமுறை நாட்களுக்கு 6,800 மணி, அதாவது 4.05 ஆள். பிரசவம் நீங்கலான பகல் வேலைக்கு 3.76 ஆள். பகலில் நேரும் பிரசவங்களையும் சேர்த்தால் எட்டுப் பேர். ஐந்துக்கும் எட்டுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் தொடர் இரவுப் பணியும் ஈடுசெய் விடுப்பு கிடைக்காத களைப்பும் பணியை விட்டு விலகும் கடிதங்களும் பிறக்கின்றன. எட்டுப் பேர் கிடைக்க வழியே இல்லையென்றால், அருகருகே உள்ள இரண்டு நிலையங்களில் ஒன்றில் மட்டும் இரவுப் பிரசவம் வைத்து, அங்கே ஆம்புலன்ஸை நிறுத்துவது, இரண்டிலும் அரைகுறையாக ஓட்டுவதைவிடப் பாதுகாப்பானது.

மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் கணக்கில் 0.6, 0.4 என்று வரும். ஒருவரையே நியமிப்பார்கள். அவர் விடுப்பிலும் பயிற்சியிலும் இருக்கும் 35 நாளும் மருந்தகம் பூட்டிக் கிடக்குமா? பக்கத்து நிலையத்து மருந்தாளுநர் எந்தெந்த நாள் வருவார் என்று முன்கூட்டியே எழுதி, அவருடைய அந்த நேரத்தை அவர் நிலையத்தின் தாளில் கூடுதல் பொறுப்பாகச் சேர்க்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த வேலை செவிலியர் தலையில் விழும். விழுந்தது எந்தத் தாளிலும் தெரியாது.