பந்துக்குக் காற்றுத்தடை: ஒருபடியா, இருபடியா?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் வரும்போது, காற்றுத்தடையைப் புறக்கணித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுவோம். உடுமலைப் பக்கம் நாங்கள் பிள்ளைகளுக்கு வைத்த செயல்திட்டத்தில் அந்த வரியை எடுத்துவிட்டோம். எடுத்ததும் எந்தத் தடையைச் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. வேகத்துக்கு நேர்த்தகவில் தடை கூடுகிறது என்று வைப்பது ஒரு வழி. வேகத்தின் இருபடிக்கு நேர்த்தகவில் கூடுகிறது என்று வைப்பது இன்னொரு வழி. முதலாவதை ஒருபடி என்றும் அடுத்ததை இருபடி என்றும் சொல்லிக்கொள்கிறேன். நான் இருபடியை எடுத்தேன். மறுபடி செய்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

காற்றே இல்லாத கணக்கைப் போட்டிக்குச் சேர்க்கவில்லை. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 160 கிராம் எடை, 7.2 செ.மீ. விட்டம் உள்ள கிரிக்கெட் பந்து, தரை மட்டத்தில் இருந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், 45 டிகிரி கோணத்தில் கிளம்புகிறது. காற்று இல்லாவிட்டால் 92 மீட்டர் போய் விழும். கோயம்புத்தூர் உயரத்தில், 30 டிகிரி வெயிலில், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.11 கிலோ, இழுவைக் குணகம் (பந்தைக் காற்று எவ்வளவு பிடித்திழுக்கிறது என்று சொல்லும் எண்) 0.45 என்று வைத்தால் 64.5 மீட்டரில் விழுந்துவிடும். முப்பது சதவீதம் குறைகிற ஒன்றைப் புறக்கணிக்க முடியாது.

ஒருபடித் தடைக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். அதன் கணிதம் அழகானது. கிடைத்தள வேகத்தைக் கிடைத்தளத் தடை மட்டுமே குறைக்கும். செங்குத்து வேகத்தைச் செங்குத்துத் தடையும் ஈர்ப்பும் மட்டுமே பார்த்துக்கொள்ளும். இரண்டு சமன்பாடுகளையும் தனித்தனியாக, காகிதத்திலேயே தீர்த்துவிடலாம். விடையில் அடுக்குக்குறிச் சார்பு வரும். பன்னிரண்டாம் வகுப்பு வகைக்கெழுச் சமன்பாடு படித்த பிள்ளை யாரும் போட்டுவிடுவார்கள். பந்து எங்கே விழும் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் சிக்கல், அதற்கு லாம்பெர்ட் சார்பு தேவைப்படும். அதுவும் எண்ணைப் போட்டால் விடை தருகிற சார்புதான். நியூட்டனே 1687இல் முதலில் வேகத்துக்கு நேர்த்தகவான தடையைத் தீர்த்துவிட்டுத்தான் இருபடிக்குப் போனார்.

இருபடியில் இந்த வசதி இல்லை. மொத்த இழுவை வேகத்தின் இருபடி என்றால், அதன் செங்குத்துக் கூறு, மொத்த வேகத்தைச் செங்குத்து வேகத்தால் பெருக்கியது. மொத்த வேகத்துக்குள் கிடைத்தள வேகமும் உட்கார்ந்திருக்கிறது. ஆக மேலே போகும் சமன்பாட்டுக்குள் பக்கவாட்டு வேகம் நுழைந்துவிடுகிறது, அதற்குள் இது. இரண்டையும் பிரிக்க முடியாது. யோஹான் பெர்னூலி 1719இல் இதைத் தொகையீடுகள் வரைக்கும் கொண்டுவந்தார். ஆனால் நேரத்தைக் கொடுத்தால் இடத்தைச் சொல்கிற ஒற்றை வாய்பாடு, பள்ளியில் எழுதுகிற வகைச் சார்புகளில் கிடையாது. சின்னச் சின்ன நேரத் துண்டாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினி கட்டப்பட்டதே பீரங்கிக் குண்டுகளின் பாதையை இப்படிக் கணக்கிடத்தான். இன்றைக்கு அந்த வேலைக்கு எக்ஸ்செல் போதும்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், எது உண்மை? ஒருபடித் தடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஸ்டோக்ஸ் விதியில் போய் நிற்கும். காற்றின் பாகுநிலை, பந்தின் ஆரம், வேகம் மூன்றையும் பெருக்கி ஆறு பையால் (6π) பெருக்கு. நம் பந்துக்கு 30 மீட்டர் வேகத்தில் அது தருகிற விசை 0.0004 நியூட்டனைக்கூடத் தொடாது. இருபடி தருவது 0.92 நியூட்டன். பந்தின் எடையே 1.57 நியூட்டன்தான். இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். காரணம் ரெனால்டு எண், அதாவது காற்றின் பாகுநிலையோடு ஒப்பிட்டால் அதன் உந்தம் எத்தனை மடங்கு பெரிது என்று காட்டும் எண். ஸ்டோக்ஸ் விதி அந்த எண் ஒன்றுக்குக் கீழே இருக்கும்போது செல்லும். இந்தப் பந்துக்கு அது 1,30,000ஐ ஒட்டி வருகிறது. பந்துக்குப் பின்னால் காற்று சுழித்துக்கொண்டு போகிறது, அந்தச் சுழிப்பை உண்டாக்குவதில்தான் பந்தின் ஆற்றல் போகிறது. பாகுநிலைக்கு அங்கே நேரடி வேலை மிகக் குறைவு.

ஒருபடியை விரும்புகிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள். ஸ்டோக்ஸை விட்டுவிடுங்கள், குணகத்தை நாமே பொருத்திக்கொள்ளலாம் என்பார்கள். நியாயமான பேச்சுதான். பந்து பறக்கும்போது சராசரியாக நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இருக்கிறது என்று வைத்து, அந்த வேகத்தில் இருபடி தருகிற தடையையே ஒருபடியும் தரும்படி குணகத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். 66.4 மீட்டர் வந்தது. இருபடியின் விடை 64.5. இரண்டு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நானும் ஒருபடியோடு போயிருப்பேன்.

காற்று அடிக்காத ஊராக இருந்தால் நிறுத்தியிருக்கலாம். நம் ஊர் அப்படியா? தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று ஒரே வீச்சாக வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இத்தனை காற்றாலைகள் இந்தப் பக்கம் நிற்பதும் அதனால்தான். வகுப்பில் ஒரு பையன் கேட்டதும் அதைத்தான்: “ஏனுங்க சார், ஆடி மாசத்துல மேக்க பாத்து அடிச்சா சிக்ஸே போக மாட்டீங்குது?”

அவன் கேள்விக்கு இரண்டு முறையிலும் பதில் தேடினோம். எதிர்க்காற்று நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 29 கிலோமீட்டர் என்று வைத்தோம். சீரான காற்று என்றால் ஒருபடியும் அதைச் சமாளிக்கும், அதை மறைக்கக் கூடாது. காற்றோடு சேர்ந்து நகர்கிற ஒருவரின் பார்வையில் கணக்கைப் போட்டுவிட்டுக் காற்று நகர்ந்த தூரத்தைக் கழித்தால் முடிந்தது. அப்படிப் போட்டால் ஒருபடி சொல்வது 59.5 மீட்டர். இருபடி சொல்வது 52 மீட்டர்.

காற்றில்லாத நாளில் இரண்டு மீட்டருக்குள் ஒத்துப்போன இரண்டு கணக்குகள், காற்று வந்ததும் ஏழு மீட்டருக்கு மேல் பிரிந்துவிட்டன. சர்வதேச ஆண்கள் ஆட்டத்தில் ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 59.43 மீட்டர் இருக்க வேண்டும். ஒருபடியை நம்பினால் பக்கவாட்டில் தூக்கி அடித்த அந்தப் பந்து கோட்டைத் தொட்டு சிக்ஸ். இருபடியை நம்பினால் கோட்டுக்கு ஏழு மீட்டர் உள்ளே கேட்ச்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை விளக்கத்தான் ஒரு வகுப்பு முழுக்கச் செலவழித்தேன், வீண் போகவில்லை. ஒருபடியில் செங்குத்து இயக்கத்துக்குப் பக்கவாட்டுக் காற்றைப் பற்றி எதுவுமே தெரியாது. காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து ஏறுகிற உயரமும் பறக்கிற நேரமும் மாறாது என்றே அது சொல்லும். இருபடியில் அப்படி இல்லை. எதிர்க்காற்று வந்தால் பந்துக்கும் காற்றுக்கும் இடையிலான வேகம் கிளம்பும்போதே 30இல் இருந்து 36 ஆகிவிடுகிறது. அந்த 36 கிடைத்தளத் தடையையும் பெருக்குகிறது, செங்குத்துத் தடையையும் பெருக்குகிறது. அதனால் உச்சி உயரம் 18.7 மீட்டரில் இருந்து 18க்கு இறங்குகிறது. பறக்கும் நேரமும் 3.9 நொடியில் இருந்து 3.8 ஆகிறது. இதைவிடப் பெரிய அடி கிடைத்தளத்தில். நிலையான காற்றில் 20 மீட்டர் வேகத்துக்குப் பொருத்திய குணகம், இப்போது 25, 30 என்று ஓடுகிற சார்பு வேகத்துக்குப் பொருந்தாமல் தடையைக் குறைத்தே சொல்கிறது. அப்படியானால் ஒவ்வொரு காற்றுக்கும், ஒவ்வொரு வேகத்துக்கும் குணகத்தைத் திரும்பத் திரும்பப் பொருத்த வேண்டும். அதற்கும் இருபடியைக் கேட்டுத்தான் பொருத்த முடியும். இதுதான் எனக்குத் தீர்ப்பு சொன்ன விஷயம்: ஒருபடியைக் கட்டுவது சுலபம், பராமரிப்பதுதான் கடினம்.

இருபடியின் எக்ஸ்செல் தாளில் இதற்கெல்லாம் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். நெடுவரிசைகள் இவ்வளவுதான்: நேரம், கிடைத்தள வேகம், செங்குத்து வேகம், மொத்த வேகம், இரண்டு முடுக்கங்கள், இரண்டு தூரங்கள். படிக்கு 0.01 நொடி வைத்தால் பந்து விழுவதற்குள் 390 வரிசைகள். காற்றைச் சேர்க்க, மொத்த வேகத்தையும் தடையையும் கணக்கிடும் இடத்தில் கிடைத்தள வேகத்தில் இருந்து காற்றின் வேகத்தைக் கழித்தால் போதும். எதிர்க்காற்றுக்குக் கழித்தல் குறி. தரையில் காற்று குறைவு, மேலே அதிகம் என்றால் அந்தக் கட்டத்தை உயரத்தோடு இணைத்துவிடலாம். ஒருபடியின் வாய்பாடு அந்த இடத்தில் கைவிட்டுவிடும். ஊட்டிக்குப் போனால் அடர்த்தியை 0.94 ஆக்கலாம், பந்து மூன்று மீட்டர் போலக் கூடுதலாகப் போகும். ஊர்ப் போட்டிகளில் ஆடுகிற டென்னிஸ் பந்துக்கு எடை 58 கிராம், விட்டம் 6.7 செ.மீ., இழுவைக் குணகம் 0.55 போல. அதே 30 மீட்டர் வேகத்தில் அதன் மேல் விழுகிற இழுவை அதன் எடையைவிடப் பெரிது என்று தாள் காட்டியபோது, டென்னிஸ் பந்தைத் தூரமாக அடிக்கத் தோளில் இவ்வளவு பலம் ஏன் வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது.

பாதையின் வடிவத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். பரவளையத்தில் உச்சி சரியாக நடுவில் வரும். இங்கே 64.5இல் 36.6வது மீட்டரில் வருகிறது. 45 டிகிரியில் ஏறிய பந்து 53 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. எல்லைக்கோட்டில் நிற்பவர் பந்து தலைக்கு மேலே இருந்து விழுவதாக உணர்வது இதனால்தான். இந்தச் சாய்வை ஒருபடியும் காட்டும், அதில் குறை சொல்ல மாட்டேன்.

நேரத் துண்டுகளை எப்படிக் கூட்டுவது, ஆய்லர் முறையா ரூங்கே–குட்டா முறையா என்று ஒரு தனிச் சண்டை உண்டு. இந்தக் கணக்குக்கு அது பெரிய விஷயமில்லை. 0.01 நொடிப் படியில் ஆய்லரின் பிழை இருபது சென்டிமீட்டர் போலத்தான் வரும். இழுவைக் குணகத்தை 0.40இல் இருந்து 0.50க்கு நகர்த்தினால் தூரம் நான்கு மீட்டர் போல மாறுகிறது. கவலைப்பட வேண்டியது அந்தக் குணகத்தைப் பற்றித்தான். தையலும் சொரசொரப்பும் உள்ள பந்தில், இந்த வேகங்களை ஒட்டியே குணகம் திடீரென்று குறையவும் கூடும். நான் அதை மாறாத எண்ணாக வைத்தேன். பந்தின் சுழற்சியையும் சேர்க்கவில்லை. பின்சுழற்சியோடு கிளம்புகிற பந்து காற்றில் தூக்கப்படும், அப்போது என் எண்கள் குறைவாகவே இருக்கும். ஆகவே 52 என்ற எண்ணை மீட்டர் சுத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்க்காற்றில் ஒருபடி நம்மை ஏமாற்றும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒருபடி ஜெயிக்கிற இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வால்பாறை மூடுபனியில் 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி நொடிக்கு 1.2 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். ரெனால்டு எண் அங்கே 0.02ஐக்கூட எட்டாது. அந்தத் துளிக்கு ஸ்டோக்ஸ் விதியை அப்படியே நம்பலாம், எக்ஸ்செல் தேவையே இல்லை. மருந்து தெளிக்கும்போது காற்றில் மிதக்கிற மிக நுண்ணிய துளிகளுக்கும் அதுவேதான். கரும்புக் காட்டில் ரெயின்கன் என்கிற பாசனக் கருவி வீசுகிற பெரிய துளிகளுக்கு வந்துவிட்டால் மறுபடி இருபடிதான்.

தாளைச் செய்து பார்க்கிறவர்கள் முதலில் இழுவைக் குணகத்தைச் சுழி ஆக்கி ஓட்டுங்கள். 91.8 மீட்டரை ஒட்டி, இருபது சென்டிமீட்டர் முன்னே பின்னே வந்தால் வரிகள் சரி. அப்புறம் 0.45 போட்டு 64.5ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். காற்றைக் கடைசியில் சேருங்கள், குறியைக் கவனித்து. எதிர்க்காற்றில் தூரம் கூடினால் அந்த ஒரு கட்டத்தில் குறி தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம்.