முதல் பெஞ்சுக்கு வேம்பா, பிளைவுட்டா?

திண்ணையில் போட ஒரு சின்ன பெஞ்சு. ஆசாரியைக் கூப்பிடாமல் நாமே செய்வோம் என்று இறங்கினால் முதல் கேள்வியே பலகைதான். தேக்கை விடுங்கள், கை பழகுமுன் அதை வெட்டிப் பாழாக்குவானேன்!

பிளைவுட்டில் வேலை சுளுவு. எட்டுக்கு நாலடி ஷீட், 18 மி.மீ. கனம் போதும். மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அதிகம் சுருங்காது. விளிம்பில் மட்டும் சிறு துளை போட்டபிறகே ஸ்க்ரூவை ஏற்றுங்கள், இல்லையென்றால் அடுக்கு பிளந்துவிடும். சாரல் தெறிக்கும் தென்காசிப் பக்கமானால் ஐ.எஸ். 710 முத்திரை (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கானது) பார்த்து வாங்குங்கள்.

வேம்பு அப்படி அடங்காது. ரேகை முறுகி ஓடும். இழைப்புளி ஓரிடத்தில் வழுவழுவென்று போகும், நாலு விரற்கடை தள்ளினால் சிராய் பிய்த்துக்கொண்டு வரும். அலகை மெல்லிசாக விட்டு, எதிர்த்திசையில் தள்ளிப் பார்க்க வேண்டும். மில்லில் அறுத்த பச்சைப் பலகையை நிழலில், இடையிடையே ரீப்பர் (மெல்லிய கட்டை) வைத்து அடுக்கி மாதக்கணக்கில் காயவிட வேண்டும். நம்மூர் வெயிலில் போட்டால் முனை வெடித்துவிடும். காய்ந்தபிறகும் அகலவாக்கில் கொஞ்சம் அசையும். அதனால் மேல்பலகைக்கான ஸ்க்ரூ துளைகளைக் குறுக்கே சற்று நீட்டிவிடுங்கள்.

அலமாரி என்றால் யோசிக்காமல் பிளைவுட் என்பேன். பெஞ்சுக்கு என் ஓட்டு வேம்புக்குத்தான். கீறல் விழுந்தால் இழைத்துவிடலாம், பூச்சி அரிப்பும் குறைவு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் நன்றாகக் காய்ந்த பலகை கிடைக்கும். அறுக்குமுன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், உள்ளே முறிந்த ஆணி இருந்தால் ரம்பப் பல் போய்விடும்.