எச்சரிக்கை: 'புதுப்பித்தது' என்று சீட்டு ஒட்டி விற்கும் பழைய மரச்சாமான்

பழைய சாமான் கடையில் ஓர் இழுப்பறை அலமாரியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கடையின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை. 'புதுப்பித்தது' என்ற சீட்டோடு பளபளவென்று நிற்கும் எந்த மரச்சாமானிலும் இது நடக்கலாம்.

விற்றவர் சொன்னது இதுதான்: முழுத் தேக்கு, நூறு வருஷத்துக்கு மேல் பழசு, பூச்சி மருந்து அடித்து வார்னிஷும் போட்டாயிற்று, கொண்டுபோய் வைத்தால் போதும். பூச்சி இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். "ஒரு ஓட்டை காட்டுங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றார். மேல்பலகையில் ஓட்டை எதுவும் தெரியவில்லைதான். குழந்தையின் துணிமணி வைக்கத் தோதாக இருக்கும் என்று வாங்கினேன்.

கொஞ்ச நாளில் அலமாரிக்கு அடியில் வெளிர் மஞ்சளாகப் பொடி விழ ஆரம்பித்தது. துடைத்தால் மறுபடி அதே இடத்தில் விழுந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், முகப்பவுடர் போல அவ்வளவு நைசு. அந்த நைசுதான் மரம் துளைக்கும் சிறு வண்டின் அடையாளம். செல் (கரையான்) அரித்திருந்தால் மண் தடமோ, ஆறு பட்டையுள்ள குட்டி மணி போன்ற எச்சமோ கிடக்கும். இழுப்பறைகளை உருவிவிட்டு, அலமாரியைக் கவிழ்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் உண்மை வெளியே வந்தது. அடிப்பலகையில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டவட்டமாகத் துளைகள். மேல்பக்கத்திலும் அதே துளைகள்தான். அங்கே மட்டும் பட்டி வைத்து அடைத்து, மரநிறச் சாயம் தடவி, அதன்மேல் வார்னிஷ் இழுத்திருந்தார்கள். நகத்தால் கீறியதும் பட்டி பெயர்ந்து வந்தது.

இது வெறும் ஒப்பனை மோசடி இல்லை. அந்தத் துளை வண்டு உள்ளே போன வழி அல்ல, வெளியே வந்த வழி. புழு மரத்துக்குள்ளேயே மாவுச்சத்தைத் தின்றுகொண்டு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இருக்கும். முழு வண்டாகி வெளியேறும்போதுதான் துளை விழும். துளையை அடைத்தால் உள்ளே இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அதைவிடக் கொடுமை, போரேட் (போரான் உப்பு) மாதிரி பூச்சி மருந்துகள் பூச்சு இல்லாத வெறும் மரத்தில்தான் ஊறும். வார்னிஷ் போட்டதன் மூலம், மருந்து போகவேண்டிய வழியைத்தான் அடைத்திருக்கிறார்கள். பூச்சுப் படாத அடிப்பக்கமோ அடுத்த வண்டு முட்டையிடத் திறந்தே கிடக்கிறது.

'முழுத் தேக்கு' என்றதும் பொய். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி லேசில் தொடாது என்பது தெரியும் என்பதால், அடுத்து பலகையின் ஓரத்தைப் பார்த்தேன். ஒரே மரமாக இருந்தால் மேலே ஓடும் ரேகை ஓரத்தில் மடங்கி, வெட்டுமுகத்தில் தொடரும். இங்கே ரேகை ஓரத்தோடு நின்றுவிட்டது. மெல்லிய தேக்குத் தகடு மேலே, ஏதோ மலிவான மரம் உள்ளே. தகடு ஒட்டுவதே குற்றம் என்று சொல்லவில்லை, அருமையான பழைய மேசைகள் எத்தனையோ அப்படிச் செய்தவைதான். அதை முழு மரம் என்று விற்பதுதான் குற்றம். வயதுக் கணக்கும் அப்படியே. கீல்களிலும் சட்டங்களிலும் இருந்தவை அத்தனையும் ஸ்டார் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்று, அதற்குப் பிறகு பரவியது. பிற்காலத்தில் ரிப்பேர் செய்தவர் ஒன்றிரண்டை மாற்றியிருக்கலாம். ஆனால் வேறு ஸ்க்ரூ இருந்த தடமே ஓர் இடத்திலும் இல்லாவிட்டால், நூறு வருஷக் கதையை நம்ப வேண்டாம்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இழுப்பறையின் உட்புறத்தைப் பற்றியது. உரிந்துகொண்டிருந்த பழைய பச்சைப் பெயிண்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது வெள்ளை அடித்திருந்தார்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் அதற்குத் தடை வந்ததே 1978-இல்தான், பல நாடுகளில் இன்னும் பிந்தி. இந்த அளவு ஈயம் உடம்பில் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இழுக்கும்போதும் தள்ளும்போதும் உரசித் தூளாகும் இடம் அது. அங்கே இருப்பதை மறைத்து விற்பதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. உங்களிடம் பழைய பெயிண்ட் அடித்த பொருள் இருந்தால், சோதிக்காமல் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் கண்டிப்பாகக் கூடாது.

பொடியையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பழசுன்னா அப்படித்தான் இருக்கும், பார்த்துத்தானே எடுத்தீங்க" என்பதோடு பேச்சை முடித்துவிட்டார். ரசீதை நீட்டினால் அதில் இருந்தது 'பழைய அலமாரி 1', அவ்வளவுதான். தேக்கு, வயது, மருந்து, எதுவும் எழுத்தில் இல்லை. வாயால் சொல்வதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவர் எதற்காக மறுக்கிறார் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதை விடப்போவதில்லை. ஆனால் இனி அழுக்கோடு நிற்பதைத்தான் வாங்குவேன். தூசியும் கறையும் கீறலும் இருக்கும் பொருளில் மரம் எது, துளை எங்கே, எந்தப் பெயிண்ட் என்று கண்ணால் பார்க்கலாம். மெருகேற்றும் வேலையை நாமே செய்துகொள்ளலாம், அதில்தானே சந்தோஷம். இந்த அலமாரியில் உருப்படியாகக் கிடைத்தவை கைப்பிடிகள் மட்டும். காந்தம் ஒட்டவில்லை, கீறிய இடத்திலும் உள்ளே மஞ்சளாகவே இருந்தது. கெட்டிப் பித்தளை. கழற்றி வேறொரு பெட்டிக்குப் போட்டுவிட்டேன்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்கள் அடியில் கறுப்புத் தாள் விரித்து, சாமானை நகர்த்தாமல் சில வாரம் விடுங்கள். ஆட்டி அசைத்தால் பழைய துளையிலிருந்தும் பொடி கொட்டும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அசைக்காமலே புதுப் பொடி விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மற்ற மரச்சாமான்களிடமிருந்து உடனே தள்ளி வையுங்கள். வெயிலில் காயவைத்தால் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சரக்கு ஏற்றும் மரப்பெட்டிகளில் பூச்சியைக் கொல்வதற்கான சர்வதேச விதி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி 30 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. தடித்த பலகையில் வெயில் அந்தச் சூட்டை ஏற்றாது. வெப்ப அறை வைத்திருப்பவர்களிடமோ பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களிடமோதான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவுக்குப் பொருள் தகுமா என்பதை மேலே சொன்ன ரேகையையும் ஸ்க்ரூவையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.